ஜெர்மனில பயோமெடிக்கல் பிஎச்.டி: அட்மிஷன் தேடாதீங்க, வேலை தேடுங்க

வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுடறாங்க, "அக்கா, ஜெர்மனில பிஎச்.டி அட்மிஷன் எப்போ ஓப்பன் ஆகும், ஃபீஸ் எவ்ளோ, ஐஇஎல்டிஎஸ் எத்தனை பேண்ட் வேணும்"னு. கேள்வியில தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா மூணுமே காலேஜ்ல சேரப்போற மனசுல இருந்து வர்ற கேள்வி. அங்க பயோமெடிக்கல் சைன்ஸ்ல பிஎச்.டிங்கறது முக்காவாசி ஒரு உத்தியோகம். கான்ட்ராக்ட் உண்டு, மாசச் சம்பளம் உண்டு, பிஎஃப் மாதிரி பென்ஷனுக்கு பிடித்தம் உண்டு, வருஷத்துக்கு 30 நாள் லீவும் உண்டு. யூனிவர்சிட்டில பேரு பதியறது அதுக்கு அப்புறம் நடக்கற ஆபீஸ் வேலை. இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிடுச்சுன்னா மீதி எல்லாம் தானா புரியும், அதனால அதையே சுத்திச் சுத்தி சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல பயோமெடிக்கல்னா என்னன்னு பாத்துடலாம். டாக்டர் நோயாளிய பாக்கறார், அவருக்கு மருந்து வேணும், டெஸ்ட் வேணும், இந்த வியாதி ஏன் வருதுங்கற காரணம் வேணும். அந்தக் காரணத்த செல்லுக்குள்ள, ஜீனுக்குள்ள, நரம்புக்குள்ள போய் தேடறவங்க தான் இந்தப் பக்கத்து ஆளுங்க. ஸ்டெதஸ்கோப்ப தொடவே மாட்டாங்க. உதாரணத்துக்கு கோட்டிங்கன்னு ஒரு சின்ன ஊர், ஜெர்மனிக்கு நடுவுல இருக்கு, யூனிவர்சிட்டி தான் அந்த ஊரோட உயிரே. அங்க 1976-ல எர்வின் நேயர், பெர்ட் சாக்மன்னு ரெண்டு பேரு, முடிய விட மெல்லிசான கண்ணாடிக் குழாய் முனைய ஒரு செல்லு மேல வெச்சு, அந்தச் செல்லோட தோல்ல இருக்கற ஒரே ஒரு ஓட்டை வழியா ஓடற கரண்ட்ட அளந்து காட்டினாங்க. பேட்ச் கிளாம்ப்னு பேரு. 1991-ல நோபல் வந்தது. இன்னிக்கு இதய மருந்துல இருந்து வலிப்பு மருந்து வரைக்கும் டெஸ்ட் பண்றவங்க அந்தக் குழாய்ல தான் உக்காந்திருக்காங்க. அதே ஊர்ல ஸ்டெஃபான் ஹெல்னு ஒருத்தர், சாதாரண மைக்ராஸ்கோப்பால சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுப் பாக்கவே முடியாதுன்னு 1873-ல இருந்து எல்லாரும் நம்பிட்டு இருந்தத உடைச்சு 2014-ல நோபல் வாங்கினார். எழுதறதுக்கு வசதியா நான் கோட்டிங்கனையே பெரும்பாலும் உதாரணமா எடுத்துக்கறேன், மத்த ஊருங்களும் ஏறக்குறைய இதே கதை தான்.

சரி, உள்ள போக வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு பழைய வழி. ஒரு புரொஃபசர புடிக்கணும், அவர் "சரி வா"ன்னா போதும். நம்ம ஊர்ல கைடுன்னு சொல்றோமே, அவங்க அதுக்கு டோக்டர்ஃபாட்டர்னு சொல்றாங்க, டாக்டர்-அப்பான்னு அர்த்தம், பெண் புரொஃபசரா இருந்தா டோக்டர்முட்டர், டாக்டர்-அம்மா. பேரே சொல்லிடுது பாருங்க, எல்லாம் அந்த ஒரு ஆளு கைல. அவர்கிட்ட புராஜெக்ட் பணம் இருக்கும், அதுல இருந்து உங்களுக்கு சம்பளம், உங்க தலைப்பும் பெரும்பாலும் அந்த புராஜெக்ட்ல எழுதி இருக்கறது தான். அப்பா நல்லவரா அமைஞ்சா சொர்க்கம், இல்லன்னா நாலு வருஷம் உங்க பாடு திண்டாட்டம்.

ரெண்டாவது, ஸ்ட்ரக்சர்ட் ப்ரோக்ராம். அதாவது கிராஜுவேட் ஸ்கூல். பல லேபுங்க ஒண்ணா சேந்து ஒரே நேரத்துல ஆளு எடுப்பாங்க, ஒரு போர்ட்டல், ஒரு கடைசி தேதி, இன்டர்வியூ, அப்புறம் எந்த லேப்னு முடிவு. கோட்டிங்கன்ல ஜிஜிஎன்பின்னு ஒண்ணு 2007-ல இருந்து நடக்குது, யூனிவர்சிட்டி, மேக்ஸ் பிளாங்க்னு ஆராய்ச்சி மட்டுமே பண்ற இன்ஸ்டிட்யூட், குரங்குங்கள பத்தி ஆராய்ச்சி பண்ற ஜெர்மன் பிரைமேட் சென்டர் எல்லாம் அதுக்குள்ள ஒண்ணா இருக்காங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரே கைடு கிடையாது, மூணு பேர் கமிட்டி. வருஷம் ஒரு தடவ அந்த மூணு பேரு முன்னாடி உக்காந்து என்ன பண்ணேன், எது சொதப்பிச்சு, அடுத்து என்னன்னு சொல்லணும். பயமா இருக்கும், ஆனா பாஸோட லடாய் வந்தா போய் அழறதுக்கு இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு மூணாவது வருஷத்துல தான் தெரியும். முதல் தடவ வெளிநாடு போறவங்களுக்கு நான் இந்த வழியத் தான் சொல்லுவேன்.

மத்த ஊர்ல எங்கெங்க இருக்குன்னு வேகமா சொல்லிடறேன். கேன்சர்னா ஹைடெல்பெர்க், அங்க டிகேஎஃப்இஸட்னு ஜெர்மன் கேன்சர் ரிசர்ச் சென்டர் இருக்கு. கர்ப்பப்பை வாய் புத்துநோய்க்கு வைரஸ் தான் காரணம்னு கண்டுபிடிச்சு 2008-ல நோபல் வாங்கின ஹரால்ட் ட்சுர் ஹௌசன் அந்த சென்டருக்கு ரொம்ப வருஷம் தலைவரா இருந்தவர். ஐரோப்பிய நாடுங்க சேந்து நடத்தற ஈஎம்பிஎல்ங்கற மாலிக்யுலர் பயாலஜி லேபும் அதே ஊர்ல தான் இருக்கு. வூர்ட்ஸ்பர்க்ல கிராஜுவேட் ஸ்கூல் ஆஃப் லைஃப் சைன்சஸ், ட்ரெஸ்டன்லயும் ஒரு கிராஜுவேட் ஸ்கூல், ஹானோவர் மெடிக்கல் ஸ்கூல்ல தொற்றுநோய் பக்கம், பெர்லின்ல ஷாரிட்டேங்கற பெரிய யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியும் மேக்ஸ் டெல்ப்ரூக் சென்டரும், மைன்ஸ்ல ஐஎம்பிங்கற மாலிக்யுலர் பயாலஜி இன்ஸ்டிட்யூட். கோவிட் தடுப்பூசி செஞ்ச பயோஎன்டெக் கம்பெனி பொறந்த ஊரும் மைன்ஸ் தான். ஒரு சின்ன குழப்பம் மட்டும் தீத்துடறேன்: மேக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் எல்லாம் ஆராய்ச்சி அமைப்புங்க, யூனிவர்சிட்டி கிடையாது, அவங்களால பட்டம் குடுக்க முடியாது. லேப் அங்க, பட்டம் பக்கத்து யூனிவர்சிட்டில. "மேக்ஸ் பிளாங்க்ல பிஎச்.டி பட்டம் வாங்கினேன்"னு யாராவது சொன்னா பொய் இல்ல, சுருக்கிச் சொல்றாங்க, அவ்ளோ தான்.

இப்போ தகுதி. மாஸ்டர்ஸ் முடிச்சிருக்கணும், இது பொது விதி. பி.எஸ்சி மூணு வருஷம் எம்.எஸ்சி ரெண்டு வருஷம்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. உங்க யூனிவர்சிட்டிய அவங்க எப்படி மதிக்கறாங்கன்னு பாக்க அனபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, யாரு வேணா ஓசில பாக்கலாம், உங்க யூனிவர்சிட்டி பேரு பக்கத்துல ஹெச் பிளஸ்னு போட்டிருந்தா நிம்மதி. பி.டெக் பயோடெக் மட்டும் முடிச்சவங்க நேரா பிஎச்.டிக்கு அப்ளை பண்ணா பெரும்பாலும் திரும்பி வரும். ஆனா ஒரு சந்து இருக்கு. கோட்டிங்கன்ல மாலிக்யுலர் பயாலஜி, நியூரோசைன்ஸ்னு ரெண்டு எம்.எஸ்சி-பிஎச்.டி ப்ரோக்ராம் மேக்ஸ் பிளாங்க்கோட சேந்து நடத்தறாங்க, பேச்சிலர்ஸ் போதும். முதல் வருஷம் கிளாஸ், டுடோரியல், லேப் மாத்தி லேப்னு புழிஞ்சு எடுப்பாங்க, வருஷக் கடைசில பரீட்சை, அதுல நல்லா பண்ணா மாஸ்டர்ஸ் தீசிஸே எழுதாம நேரா பிஎச்.டிக்குள்ள போயிடலாம், இல்லன்னா ஆறு மாசம் தீசிஸ் எழுதி எம்.எஸ்சியோட வெளிய வரலாம். அப்ளிகேஷன் ஜனவரில முடிஞ்சுடும், அதனால தீபாவளிக்கே வேலைய ஆரம்பிச்சுடுங்க, சிபாரிசு லெட்டர் குடுக்கற சார் பொங்கல் லீவுல ஊருக்குப் போயிடுவார்.

எம்.பி.பி.எஸ் முடிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை. பல ப்ரோக்ராம்ல எம்.பி.பி.எஸ்ஸ மாஸ்டர்ஸுக்கு சமமா எடுத்துக்கறாங்க. ஆனா பட்டத்துப் பேர்ல கவனமா இருங்க. டாக்டர் மெட்னு ஒண்ணு இருக்கு, அது அங்க மெடிக்கல் படிக்கற பசங்க படிப்போட படிப்பா பண்ற ஆராய்ச்சி, பல சமயம் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல முடிஞ்சுடும். முழுநேர பிஎச்.டின்னா டாக்டர் ரேர் நாட்டுன்னு பேரு, இயற்கை அறிவியல் டாக்டர்னு அர்த்தம், இல்லன்னா நேராவே பிஎச்.டின்னு குடுப்பாங்க. அப்புறம் பிஎச்.டி வாங்கினா ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது தனி லைசென்ஸ், தனி ஜெர்மன் பரீட்சை, தனி தலைவலி.

இப்போ முக்கியமான கட்டம், விளம்பரம் படிக்கறது. ஏன்னா இது வேலைன்னு சொன்னேன்ல, அப்போ இடம் கிடைக்கறதும் வேலை விளம்பரத்துல தான். ஒரு சராசரி விளம்பரம் இப்படி இருக்கும்: "டொக்டோரான்ட், எம்/வே/டே, டிவி-எல் ஈ 13, 65 சதவீதம், மூணு வருஷத்துக்கு பெஃப்ரிஸ்டெட்." நம்ம பசங்க இத பாத்து ஓடிடறாங்க, ஒண்ணுமே இல்ல. டொக்டோரான்ட்னா பிஎச்.டி பண்றவர். எம் வே டேன்னா ஆண், பெண், மூன்றாம் பாலினம் யாரு வேணா அப்ளை பண்ணலாம்னு அர்த்தம், சட்டப்படி போடறது. பெஃப்ரிஸ்டெட்னா காலக்கெடு உள்ள வேலை. டிவி-எல்ங்கறது மாநில அரசு ஊழியர் சம்பள ஒப்பந்தம், நம்ம ஊர் பே கமிஷன் மாதிரி வெச்சுக்கோங்க, ஈ 13ங்கறது அதுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கான கிரேட். அதனால சம்பளம் பேரம் பேசவே வேண்டாம், டேபிள் நெட்ல இருக்கு. 2025 கணக்குக்கு முழு ஈ 13, முதல் படி, மாசம் சுமார் 4,600 யூரோ. அதுல 65 சதவீதம்னா சுமார் 3,000. வரி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், பென்ஷன், வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸ் எல்லாம் போய் கல்யாணமாகாத ஆளுக்குக் கைக்கு வர்றது ஏறக்குறைய 2,000 யூரோ. முதல் பே ஸ்லிப்ப பாத்தப்போ நான் "ஏதோ தப்பா பிடிச்சுட்டாங்க"ன்னு ஆபீஸுக்கே போயிட்டேன், அந்தம்மா சிரிச்சுட்டே ஒவ்வொரு வரியா காட்டினாங்க, பென்ஷனுக்கு மட்டும் 18.6 சதவீதம், அதுல பாதி நீங்க, பாதி யூனிவர்சிட்டின்னு. எல்லாம் சரியாத் தான் இருந்தது, எனக்குத் தான் முகம் செத்துப்போச்சு.

அந்த 65 சதவீதத்த பத்தி நேர்மையா சொல்லிடறேன். பேப்பர்படி வாரத்துக்கு 26 மணி நேரம் தான் வேலை. நிஜத்துல எல்லாரும் முழு நேரம் உக்காந்திருப்பாங்க, ஞாயித்துக்கிழமை லேப்ல வளர்ற செல்லுக்கு மீடியா, அதாவது ஊட்டத் தண்ணி, மாத்தவும் போவாங்க. கேட்டா "மிச்ச நேரம் உங்க சொந்த தீசிஸுக்கு"ன்னு பதில் வரும். அந்த மிச்ச நேரத்துல பண்றதும் அதே லேப் வேலை தான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. கம்ப்யூட்டர் சைன்ஸ், இன்ஜினியரிங் பக்கம் முழுச் சம்பளமே குடுக்கறாங்க, பயாலஜிக்கு ஆளு நிறைய வர்றதால குறைச்சு வெச்சிருக்காங்க, அவ்ளோ தான் கணக்கு. ஆனாலும் கோட்டிங்கன் மாதிரி ஊர்ல அந்தக் காசுல மரியாதையா வாழ்ந்து வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம், ம்யூனிக்ல வாடகை முழுங்கிடும்.

சம்பளம் இல்லாம ஸ்காலர்ஷிப்ல போறவங்களும் உண்டு, டிஏஏடின்னு ஒரு ஜெர்மன் அமைப்பு குடுக்கறது தான் அதுல பெரிய பேரு. கௌரவம் ஜாஸ்தி, வரி கிடையாது, ஆனா பென்ஷன், வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸ் எதுலயும் உங்க பேர்ல காசு சேராது. ரெண்டும் கைல வந்தா கான்ட்ராக்ட்ட எடுங்கம்பேன். மேக்ஸ் பிளாங்க்கே 2015-ல ஸ்டைபெண்ட்ல இருந்து கான்ட்ராக்ட்டுக்கு மாறினாங்கன்னா யோசிச்சுக்கோங்க.

ஃபீஸ் எவ்ளோன்னு கேட்டீங்களே, பிஎச்.டிக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல வெளிநாட்டு மாணவங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கறாங்க, ஆனா அது பேச்சிலர்ஸ், மாஸ்டர்ஸுக்கு, பிஎச்.டிக்கு விலக்கு. செமஸ்டர் கட்டணம்னு சில நூறு யூரோ கட்டணும், பல ஊர்ல அதுலயே பஸ், ட்ரெயின் பாஸ் சேந்து வந்துடும். அதனால "ஜெர்மனி பிஎச்.டி சீட் வாங்கித் தரோம், ரெண்டு லட்சம்"னு எந்த கன்சல்டன்சி கூப்பிட்டாலும் போன வெச்சுடுங்க. அவங்களால பண்ண முடிஞ்சது உங்க பேர்ல மெயில் அனுப்பறது மட்டும் தான், அது உங்களுக்கே கெடுதல். ஏன்னு சொல்றேன்.

எங்க பாஸுக்கு வர்ற மெயில சில சமயம் என்கிட்ட திருப்பி விடுவார், "உன் ஊர்க்காரங்க போல, பாரு"ன்னு. ஒண்ணு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்"னு ஆரம்பிச்சு "யுவர் எஸ்டீம்டு யூனிவர்சிட்டி"னு போகுது, நடுவுல பாஸ் பேரு மட்டும் வேற ஃபான்ட்ல, வேற கலர்ல. அதாவது அம்பது பேருக்கு அனுப்பினதுல பேர மட்டும் ஒட்டி இருக்காங்க. கீழ எட்டு பக்க சிவி, அதுல பத்தாவது படிக்கறப்போ கட்டுரைப் போட்டில வாங்கின ரெண்டாம் பரிசு. அந்தப் பொண்ணு எம்.எஸ்சில ஆறு மாசம் ஸீப்ராஃபிஷ்னு லேப்ல வளக்கற சின்ன மீன்ல அருமையான வேலை பண்ணி இருக்கா, அது ஏழாவது பக்கத்துல ஒரு வரி! எங்க லேப்ல அப்போ ஸீப்ராஃபிஷ் தெரிஞ்ச ஆளு தான் தேடிட்டு இருந்தோம். பாஸ் ஏழாவது பக்கம் வரைக்கும் போகவே இல்ல.

மெயில் சின்னதா இருக்கட்டும். என்ன டெக்னிக் கைல இருக்கு, எத்தனை மாசம் பண்ணீங்க, அவங்க பேப்பர்ல எந்த இடத்துல உங்களுக்கு சந்தேகம் வந்தது, எப்போ சேர முடியும், யாரு உங்கள பத்தி சொல்லுவாங்க. சிவி ரெண்டு பக்கம். "சார்"னு போடாதீங்க, "டியர் புரொஃபசர்" போட்டு குடும்பப் பேர எழுதுங்க, முதல் பேர இல்ல. பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேண்டாம்.

இன்டர்வியூ வந்துட்டா பாதிக் கிணறு தாண்டியாச்சு. கிராஜுவேட் ஸ்கூல்னா ஒரு நாள் ரெண்டு நாள் நடக்கும், உங்க மாஸ்டர்ஸ் வேலைய பத்து நிமிஷத்துல சொல்லச் சொல்லுவாங்க, அப்புறம் கேள்வி. ரிவிஷன் பண்ண புக்ல இருந்து கேட்க மாட்டாங்க. "இந்த வெஸ்டர்ன் பிளாட்ல லோடிங் கன்ட்ரோல் எது, ஏன் அது, எத்தனை தடவ ரிப்பீட் பண்ணீங்க, ஒரு தடவ வராம போனப்போ என்ன பண்ணீங்க" இதான். (வெஸ்டர்ன் பிளாட்னா புரோட்டீன கண்டுபிடிக்கற டெஸ்ட், லோடிங் கன்ட்ரோல்னா எல்லா சாம்பிளும் சம அளவு போட்டோமான்னு சரிபாக்கறது.) நம்ம ஊர்ல புராஜெக்ட் சென்டர்ல காசு கட்டி பைண்டு பண்ணி வாங்கின எம்.எஸ்சி புராஜெக்ட் இந்த இடத்துல தான் பல்லிளிக்கும். மூணாவது கேள்வில தெரிஞ்சுடும். அதுக்கு பதிலா, சொதப்பின எக்ஸ்பெரிமெண்டா இருந்தாலும் பரவால்ல, உங்க கையால பண்ணதா இருக்கட்டும், ஏன் சொதப்பிச்சுன்னு சொல்லத் தெரிஞ்சா அதுக்கே மதிப்பு. உங்க பக்கத்துல இருந்தும் கேள்வி கேளுங்க, குறிப்பா லேப்ல இப்போ இருக்கற பிஎச்.டி பசங்ககிட்ட தனியா, "போன ரெண்டு பேரு எத்தனை வருஷத்துல முடிச்சாங்க"ன்னு. அவங்க மூஞ்சி போற போக்கே பதில்.

ஜிஆர்ஈங்கற நுழைவுப் பரீட்சை பெரும்பாலும் கேக்கறதில்ல. இங்கிலீஷுக்கு சர்டிபிகேட் கேப்பாங்க, எத்தனை பேண்ட்னு அந்தந்த ப்ரோக்ராம் பேஜ்ல பாருங்க. லேப்ல எல்லாம் இங்கிலீஷ் தான், தீசிஸும் இங்கிலீஷ்ல எழுதலாம். ஆனா ஜெர்மன் வேணாம்னு நினைச்சுடாதீங்க, லேப்ல முப்பது வருஷமா இருக்கற டெக்னீஷியன் அம்மா, வீட்டு ஓனர், விசா நீட்டிக்கற ஆபீஸ், இவங்க யாரும் உங்களுக்காக இங்கிலீஷ் பேசப் போறதில்ல. ஏ2ங்கற அடிப்படை லெவல் வரைக்குமாவது கத்துட்டுப் போங்க.

எத்தனை வருஷம் ஆகும்? கான்ட்ராக்ட்ல மூணு, நிஜத்துல நாலு, அஞ்சு. இழுக்கறதுக்குக் காரணம் எப்பவும் சோம்பேறித்தனம் இல்ல. எலில பண்ற வேலைன்னா முதல்ல அதுக்கான பயிற்சி கோர்ஸ் முடிக்கணும், அப்புறம் ஒவ்வொரு எக்ஸ்பெரிமெண்டுக்கும் எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி எவ்ளோ, எலி இல்லாம பண்ண வழியே இல்லையான்னு பக்கம் பக்கமா எழுதி அரசு அனுமதி வாங்கணும், அதுவே மாசக்கணக்குல ஆகும். சேர்றதுக்கு முன்னாடியே பாஸ்கிட்ட "இந்த புராஜெக்டுக்கு எலி அனுமதி கைல இருக்கா"ன்னு கேட்டுடுங்க. இந்த ஒரு கேள்விய நான் கேக்கல, எட்டு மாசம் போச்சு. அப்புறம் யூனிவர்சிட்டி வேலைல பிஎச்.டிக்கு முன்னாடி இப்படி காலக்கெடு கான்ட்ராக்ட்ல பொதுவா ஆறு வருஷம் வரைக்கும் தான் வெச்சிருக்கலாம்னு சட்டமே இருக்கு, அதனால நம்ம ஊர் மாதிரி பத்து வருஷம் இழுத்தடிக்க முடியாது, ஒரு வகைல நல்லது.

தீசிஸ்ல காப்பி அடிக்கறது அங்க விளையாட்டு இல்ல. 2011-ல பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கோட டாக்டர் பட்டத்தயே பிடுங்கினாங்க, பதவியும் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு கல்வி அமைச்சர் ஷவானுக்கும் அதே கதி. கல்வி அமைச்சருக்கே! அதனால மெத்தட்ஸ் பகுதிய சீனியர் தீசிஸ்ல இருந்து அப்படியே எடுத்துப் போடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கடைசில வைவா. பேச்சு, கேள்வி, வெளிய நில்லுங்கம்பாங்க, உள்ள கூப்பிட்டு கிரேடு சொல்லுவாங்க, லத்தீன்ல: ரிட்டே, கும் லௌடே, மாக்னா, உச்சத்துல சும்மா கும் லௌடே. கடைசில சொன்னது தான் டாப், "சும்மா"ன்னதும் எங்க அம்மா போன்ல "ஏன்டி, சும்மாவா குடுத்தாங்க"ன்னு கேட்டுட்டாங்க. அதுக்கு முந்தின ராத்திரி எல்லாம் லேப் பசங்க அட்டைல ஒரு தொப்பி செஞ்சுட்டு இருப்பாங்க, டோக்டர்ஹூட். அதுல நீங்க உடைச்ச பிப்பெட், குடிச்ச காபி கப், பொம்மை எலி, அஞ்சு வருஷக் கிண்டல் எல்லாம் ஒட்டி இருக்கும். எனக்கு ஒரு சின்ன பிரஷர் குக்கர் விசில் ஒட்டி இருந்தாங்க, லேப் கிச்சன்ல ஒரு நாள் சாம்பார் வெச்சு ஃபயர் அலாரம் அடிச்சதுக்கு.

கோட்டிங்கன்ல இன்னும் ஒரு சடங்கு பாக்கி இருக்கும். தொப்பியோட உங்கள அலங்கரிச்ச ஒரு கை வண்டில உக்கார வெச்சு ஊர் நடுவுல இழுத்துட்டுப் போவாங்க, மார்க்கெட் சதுக்கத்துல வாத்து வெச்சுட்டு நிக்கற பொண்ணு சிலை ஒண்ணு, கென்ஸேலீசல்னு பேரு, 1901-ல வெச்சது. டாக்டர் ஆனவங்க நீரூத்து மேல ஏறி அந்தப் பொண்ணுக்கு முத்தம் குடுத்து பூங்கொத்து வெக்கணும். 1926-ல ஊர் நிர்வாகம் இதுக்குத் தடையே போட்டுது, யாரு கேட்டா. ஈரக் கல்லு, வழுக்கும், செருப்பு போட்டுட்டு ஏறாதீங்க.

இறங்கினதும் நேரா "டாக்டர்"னு காலிங் பெல்லுக்குப் பக்கத்துல பேர் ஒட்டிடாதீங்க. தீசிஸ வெளியிட்டு, லைப்ரரில குடுத்து, பட்டச் சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் அந்தப் பேர போட்டுக்கறது அங்க சட்டப்படி குத்தம். எனக்கு அது வர ஏழு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் எங்க வீட்டு பெல்லுல வெறும் பேரு தான்.